சிலையாரும் சகலையை விடாத சட்டையும்

சிலையார் பிறந்தபோது அழவில்லை. நர்ஸம்மா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள், முதுகில் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று மூக்குக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்தார்கள். கண்ணாடி லேசாக மங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் பெற்றவள் அழுகையை நிறுத்தினாள். பிள்ளை அழ வேண்டியதையும் சேர்த்துத் தாயே அழுது முடித்தாள் என்று அவளுடைய மூத்த அக்கா, அதாவது சிலையாரின் பெரியம்மா, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியம்மா எல்லாத் தங்கைகளின் பிரசவத்துக்கும் கூட இருந்தவர். எந்தத் தங்கையின் மானமும் அவர் வாயிலிருந்து தப்பியதில்லை.

பிள்ளை வளர்ந்ததும் அப்படித்தான். உட்கார வைத்தால் உட்கார்ந்த இடம், நிற்க வைத்தால் நின்ற இடம். அக்காக்காரி தேய்த்த துணிகளை அவன் நீட்டிய கைகளில் தொங்கவிட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். திரும்பி வரும்போது துணியும் கலையாமல் இருக்கும், தம்பியும் கலையாமல் இருப்பான். அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் ஒன்று உண்டு. பழைய கேமரா, கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அது நடக்கிற காரியமா? மாமா கொட்டாவி விட்டார். சித்தப்பா காது குடைந்தார். கைக்குழந்தை ஒன்றுக்கு மூன்று தலை விழுந்திருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைக்கு முகமே இல்லை, புகை மாதிரி ஏதோ நிற்கிறது. ஓரத்தில் சிலையார் மட்டும் சட்டைப் பொத்தானின் துளை தெரியும்படி தெளிவாக நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்தார்கள். அத்தை அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவே இல்லை.

படிப்பு ஏறவில்லை. கேள்வி கேட்டால் பதில் தெரியாத பிள்ளைகள் நெளிவார்கள். இவர் நெளியாததால் இவருக்குப் பதில் தெரியும் என்று நினைத்து வாத்தியார் அடுத்தவனைக் கேட்பார். இப்படியே சில வகுப்புகளைத் தாண்டினார். பிறகு ஒரு பரீட்சையில் குட்டு வெளிப்பட்டது. தாய்மாமன் ஒரு பெரிய துணிக்கடையில் கல்லாவில் இருந்தார். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

துணி மடிக்கிற வேலை. முதலாளி முன்கோபி. ஒரு நாள் புதிதாக வந்த கோட்டு ஒன்றைச் சிலையார் யாரும் பார்க்காதபோது போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. கழற்ற நேரமில்லை, ஓட வழியில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முதலாளி பக்கத்தில் வந்து, தோளில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "இந்தப் பொம்மைய யாரு வாங்கினது, மூஞ்சி சரியில்லையே" என்று கேட்டபடி உள்ளே போனார். அடுத்து வந்தவர், பொம்மை போட்டிருக்கிற கோட்டுத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கழற்றிக் கொடுக்கப் போனபோது பொம்மை தானே கையைத் தூக்கி ஒத்துழைத்தது. வாங்க வந்தவர் நாற்காலியில் விழுந்தார். முதலாளி முதல்முறையாகக் கடையில் சிரித்தார். மறுநாளிலிருந்து சிலையாருக்கு மடிக்கிற வேலை இல்லை, நிற்கிற வேலை.

நிற்பது என்றால் சும்மா இல்லை. மூச்சை மார்பில் வாங்கினால் சட்டை ஏறி இறங்கும், குட்டு உடைந்துவிடும். அதனால் மூச்சை மார்புக்கு வராமல் இடுப்புக்குக் கீழே எங்கேயோ வாங்கி, வந்த சுவடு தெரியாமல் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்டார். குழந்தைகள் மூக்கைப் பிடித்து ஆட்டின. பெரியவர்கள் கிள்ளினார்கள். ஒரு நாய் அவரைக் கம்பம் என்றே முடிவுகட்டி ஒரு காலைத் தூக்கியது. அப்போதும் அவர் அசையவில்லை. அன்றிலிருந்து முதலாளி அவரை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கடைத்தெரு முழுக்கச் "சிலையண்ணன்" என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும் என்றாகிவிட்டது.

மனைவி கிடைத்ததும் அந்த வாசலில்தான். அவள் தன் அக்காவோடு துணி எடுக்க வந்தாள். அக்கா உள்ளே ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கால் கடுத்துப்போன தங்கை வாசல் பொம்மையிடம் வந்து நின்றாள். கோணியிருந்த காலரைச் சரிசெய்தாள்.

"உனக்காவது நிக்கிறதுதான் பொழப்பு. எனக்கு என்ன தலையெழுத்து? இவளோட கடைக்கு வந்தா இப்படித்தான். பில் மட்டும் இருந்தா புருஷனையே மாத்திக் குடுன்னு கேட்பா."

அதுவரை தொழிலில் ஒரு குறையும் வைக்காத பொம்மையின் இடது கண் ஒரு தடவை சிமிட்டியது. அவள் அலறவில்லை.

"ஓ, நீ ஆளா?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் காலர் அடிக்கடி கோணிக்கொண்டது. கல்யாணமும் நடந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் சிலையார் சிலையாகவேதான் இருந்தார். அவள் பேசுவாள், இவர் கேட்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டார், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்பட மாட்டார். உள்ளே எல்லாம் நடக்கத்தான் செய்தது. முகத்துக்கு வந்து சேர வழி தெரியவில்லை, அவ்வளவுதான். "பொம்மையக் கட்டிக்கிட்டேன், அது பரவாயில்ல. கீ குடுக்கிற ஓட்டை எங்க இருக்குன்னு கடைக்காரன் சொல்லாம விட்டுட்டான்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

இங்கேதான் சகலை வருகிறார். மனைவியின் அக்கா புருஷன். குளியலறைச் சாமான் வியாபாரம். குடோன் நிறைய வெள்ளை வெள்ளையாகக் கழிவறைக் கோப்பைகள், மாநாட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். சிலையார் மூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை என்றால், சகலை வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, போனவருக்கே நாலு யோசனை சொன்னவர்.

"சகல, கடை வாசல்ல நிக்கிறதுக்கு என் குடோன் வாசல்ல வந்து நில்லு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "யூனிஃபார்ம் கூடத் தச்சு வெச்சுட்டேன். அளவே எடுக்கல. பொம்மை அளவுன்னு டெய்லர்கிட்ட சொன்னேன், புரிஞ்சுக்கிட்டான்."

உண்மையிலேயே தைத்து வைத்திருந்தார். பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, விசில் மாட்டக் கயிறு, தொப்பி. சகலை வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விருந்துக்குப் போகும்போதெல்லாம் சிலையாருக்குச் சோறு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சகலையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அவருக்கு சலாம் வைத்துக்கொண்டு, கோப்பைகளுக்குக் காவல் நிற்பது. நாய் காலைத் தூக்கியபோது அசையாத மனிதர் இதை நினைத்தால் மட்டும் உள்ளுக்குள் வியர்த்துப்போவார்.

அந்தக் காலம் கிட்டத்தில் வந்துவிட்டது. பழைய முதலாளி ஓய்ந்துபோய் மகன் கடைக்கு வந்தான். வண்டி நிறையப் பிளாஸ்டிக் பொம்மைகள் இறங்கின. ஒன்றுக்கும் தலை இல்லை. தலையில்லாத பொம்மைகள் வந்து தலையுள்ளவரின் பிழைப்பைப் பறித்தன. இவர் தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் புறப்பட்டபோது, துணி வாங்க வழக்கமாக வரும் ஒரு அம்மாள் வழிமறித்தார். பொறியியல் கல்லூரியில் பேராசிரியை.

"உங்க முன்னால நின்னு நான் எங்க முதல்வரைக் கண்டபடி திட்டியிருக்கேன், தெரியுமா?"

"கேட்டேம்மா. ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை நல்லா இருந்துச்சு."

பேராசிரியை சிரித்துவிட்டார். "எங்க லேபுக்கு வந்து நிக்கிறீங்களா? அசையாம நிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்."

லேப் என்பது மாடியில் நீளமான ஒரு அறை. பசை நாற்றமும் ஈயம் உருகும் நாற்றமும் கலந்து மூக்கைப் பிடிக்கும். ஒரு மூலையில் பின்னல் மெஷின், இன்னொரு மூலையில் பானைச் சூளையைவிடச் சின்னதாக ஒரு உலை, மேஜை முழுக்கக் கம்பிச் சுருள்கள். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண். துணி பின்னுவதும் அவள்தான், கம்ப்யூட்டர் பார்ப்பதும் அவள்தான். சிலையார் அவளைக் கண்ணாடிக்காரி என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சட்டை. உள்சட்டை மாதிரி, கையில்லாதது. தளர்ந்த வயசாளிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் போட்டுக்கொள்வதற்கு. மார்பிலும் முதுகிலும் பொட்டுப் பொட்டாக சென்சார்கள். போட்டிருப்பவர் எப்படி நிற்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்று அவை பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் சாயப் போகிறார் என்று தோன்றினால் சட்டை தானாக இறுகி முதுகைத் தாங்கிப் பிடிக்கும். இறுக்குவது ஒரு கம்பி. தலைமுடியைவிட மெல்லிசு. அதை ஒரு வடிவத்தில் கட்டி உலையில் வைத்து எடுத்துவிட்டால், பிறகு எப்படி நெளித்தாலும் கசக்கினாலும் கொஞ்சம் சூடு காட்டினால் போதும், பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

சிலையாருக்கு இது உடனே புரிந்தது. அவருடைய அத்தை அப்படித்தான். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் தன்னைக் கடைசியாகச் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கு ஒரு கோபம். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் பேசி, வளைத்து, நெளித்து, சிரிக்கக்கூட வைத்துவிடுவார்கள். யாராவது அந்தப் பேச்சை எடுத்துச் சூடு காட்டினால் போதும். அதே முகம், அதே மூக்கு விடைப்பு, அதே வார்த்தை.

"இது எங்க அத்தைம்மா" என்றார் கம்பியைப் பார்த்து. கண்ணாடிக்காரி அன்றே டப்பாவின்மேல் "அத்தைக் கம்பி" என்று எழுதி ஒட்டிவிட்டாள். பேராசிரியையும் பிறகு அப்படித்தான் சொன்னார்.

சட்டைக்கு எது நிற்பது, எது சாய்வது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு உடம்பு வேண்டும். இவருக்கு முன்னால் பல பேர் வந்து நின்றிருந்தார்கள். சொறிந்தார்கள், தும்மினார்கள், போனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுடைய கோடுகள் கம்ப்யூட்டரில் கோழி கிளறிய குப்பை மாதிரி விழுந்தன. சிலையார் முதல் நாள் நின்றபோது விழுந்த கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அண்ணே, சாதாரணமா மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் சாதாரணம். ஊர் உலகம் எப்படி மூச்சு விடுகிறது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. களைத்துப்போன ஆள் மாதிரி சாயச் சொன்னார்கள். களைத்துப்போன ஆளின் சிலை ஒன்றைச் செய்து காட்டினார். தடுமாறச் சொன்னார்கள். தடுமாறுகிறவனின் சிலை. எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. அழகைப் பார்த்த பிறகு குப்பை எதற்கு? மற்றவர்களின் கோடுகளையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, சிலையாரின் கோடுகளை மட்டும் வைத்துச் சட்டைக்குப் பாடம் நடத்தினார்கள். பாடம் படித்த சட்டையைச் சோதித்துப் பார்த்ததும் அவர்மேலேயேதான். அளவும் அவருடைய அளவு. சட்டை ஒரு தப்பும் செய்யவில்லை. நிமிர்ந்தால் தளர்ந்தது, சாய்ந்தால் பிடித்தது.

பேராசிரியைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிடித்த பிடியைச் சட்டை சும்மா விடாது. உள்ளே சின்னச் சின்னப் பூட்டுகள். பேட்டரி தீர்ந்துபோனாலும் பிடி நழுவாது. போட்டிருப்பவர் ஒழுங்காக நிற்கிறார், நிதானமாக மூச்சு விடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் பூட்டு திறக்கும். "கிழவங்க கை நடுங்கும், கொக்கி தேடிக்கிட்டிருக்க முடியாது. அதான் கொக்கியே வைக்கல" என்றார்.

அந்த வேலை சிலையாருக்குப் பிடித்திருந்தது. மேஜைமேல் டீ வரும். யாரும் கிள்ளவில்லை. நாய் மாடி ஏறாது. ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் தலையாட்டினால் ஆராய்ச்சி தொடரும், சிலையாரும் தொடருவார். ஆட்டாவிட்டால் அறைக்குப் பூட்டு.

வீட்டில் மனைவி பாத்திரம் துலக்கியபடி சொன்னாள். "இதுவும் போச்சுன்னா அந்தப் பச்சைச் சட்டைதான், சொல்லிட்டேன். அத்தான் தினமும் போன் பண்றார். நான் எத்தனை நாளைக்குத்தான் 'அவர் நின்னுக்கிட்டிருக்கார், அப்புறம் பேசுங்க'ன்னு சொல்றது?"

சிலையார் ஈரத் தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினார்.

"வாயத் தொறந்து எதாவது சொன்னாத்தானே தெரியும், பிடிக்குதா பிடிக்கலையான்னு."

"பிடிக்கல" என்றார் சிலையார். அவள் கையிலிருந்த கரண்டி நழுவித் தொட்டியில் விழுந்தது. அவர் பிடிக்கவில்லை என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

குழு வந்த நாளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். மனைவி வந்தாள், அவளுடைய அக்கா வந்தாள், சகலை வந்தார். சகலையின் கையில் ஒரு கவர். கவரின் வாயில் பச்சை எட்டிப் பார்த்தது.

"எதுக்கு அத்தான் இதையெல்லாம் இங்க கொண்டுவந்தீங்க?"

"முடிஞ்ச கையோட இங்கயே போட்டு அழைச்சுட்டுப் போயிடலாம்னுதான். சாயங்காலம் ஒரு லோடு வருது."

சிலையார் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். நின்றார், சட்டை தளர்ந்தது. சாய்ந்தார், சட்டை பிடித்தது. திரையில் கோடுகள் அவ்வளவு அழகாக ஓடின. ஜனங்கள் கைதட்டினார்கள். குழுவின் தலைவர் வழுக்கைத் தலை, கால்சட்டையை அடிக்கடி மேலே இழுத்துவிட்டுக்கொள்ளும் பழக்கம். அவர் மட்டும் கைதட்டவில்லை.

"இவர் உங்க ஆள். பழகிட்டார். வேற யாராவது போட்டுக் காட்டுங்களேன்."

பேராசிரியை பதில் சொல்வதற்குள் சகலை மேடையில் இருந்தார்.

"நான் போடறேன் சார். இவன் என் சகலதான். இவனே போடறான்னா நமக்கென்ன?"

இழுபடும் துணி என்பதால் சகலையின் வயிற்றுக்கும் அது இடம் கொடுத்தது. சட்டை தயார் என்று பச்சை விளக்கு எரிந்தது. மைக் கையில் இல்லாவிட்டாலும் மேடை என்றால் சகலைக்குப் பேச்சு வந்துவிடும். நன்றாக மார்பை நிரப்பி மூச்சை இழுத்துக்கொண்டு, "பெரியோர்களே," என்றார்.

சிலையாரைத் தவிர வேறு மனிதரைக் கண்டறியாத சட்டை திடுக்கிட்டது. அதன் கணக்கில், மார்பு இவ்வளவு தூரம் ஏறுகிறது என்றால் ஆள் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறார். இறுக்கிப் பிடித்தது.

"பாருங்க, பாருங்க, எப்படி நிமித்துது" என்றார் சகலை பெருமையாக. பேசியதால் மார்பு இன்னும் ஏறியது. சட்டை இன்னும் இறுக்கியது. அத்தைக் கம்பி சூடாகிப் பழைய கோபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது, பொண்டாட்டி மாதிரி பிடிக்குது."

"நான் எப்ப உங்களப் பிடிச்சேன்?" என்று கீழேயிருந்து அக்கா கேட்டாள்.

சகலையின் குரல் மெலிந்தது. முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. கையை வீசினார், கத்தினார், குதித்தார். ஒவ்வொன்றுக்கும் சட்டை ஒரு பிடி கூட்டியது. கண்ணாடிக்காரி ஓடிப்போய் பேட்டரியைப் பிடுங்கினாள். பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. பெருமைப்பட்ட பூட்டுகள் அல்லவா.

"கத்தரி கொண்டாங்க" என்றார் குழுத் தலைவர்.

"இத்தனை கம்பி சேர்ந்த பின்னலைக் கத்தரி வெட்டாது சார், கத்தரிதான் வெட்டுப்படும்" என்ற பேராசிரியை திரையைப் பார்த்தார். சகலையின் கோடு கோழி கிளறிய குப்பை மாதிரி ஓடி நின்றிருந்தது. பேராசிரியையின் முகம் வெளுத்தது.

"சட்டை தப்பா எதுவும் செய்யல. நாமதான் அதுக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டியிருக்கோம். இவரை மாதிரி நிக்காத எல்லாரும் விழறவங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கு." கண்ணாடிக்காரியிடம் திரும்பினார். "பேட்டரியைத் திருப்பி மாட்டு. அண்ணே, இவர் உங்கள மாதிரி நின்னு, உங்கள மாதிரி மூச்சு விட்டாத்தான் பூட்டு திறக்கும். சொல்லிக்குடுங்க."

சிலையார் சகலைக்கு நேர் எதிரே போய் நின்றார். கீழே நாற்காலியில் கவர். கவரில் பச்சை. அவருக்கு அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கழுத்துப் பட்டையைச் சரிசெய்வது போல சகலையின் தோளில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்து எறிந்தார்.

"சகல," என்றார் மெதுவாக, "வாய மூடு."

கூட்டத்தில் அந்தக் குடும்பத்தார் இருந்த வரிசை அப்படியே உறைந்தது. சகலையிடம் இதை இதுவரை யாரும் சொன்னதில்லை. பெற்ற தாயே சொன்னதில்லை.

"நான் எப்படிப்பா..." சட்டை இறுக்கியது. "ஹக்" என்றார் சகலை.

"பேசாதே. மூக்கால வாங்கு. கொஞ்சமா. மார்புக்குக் கொண்டுபோகாதே. வயித்தையும் தாண்டிக் கீழ அனுப்பு. செருப்பு வரைக்கும் அனுப்பு."

"செருப்பு வரைக்கும் எப்..." இன்னொரு இறுக்கு.

"கேள்வி கேட்காதே. என்னப் பாரு. உன் குடோன்ல இருக்கிறதெல்லாம் எப்படி உட்கார்ந்திருக்கு? அதுல ஒண்ணுன்னு நினைச்சுக்கோ."

சகலை இரண்டு உதடுகளையும் சேர்த்தார். கண்கள் பிதுங்கின. சிலையார் எதிரே நின்று தன் மூச்சைக் காட்டினார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் பாடம். கொஞ்சம் கொஞ்சமாக சகலையின் தோள் இறங்கியது. கைகள் தொங்கின. அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குடும்பம் கூடியிருந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது அதுவே முதல் தடவை. அக்காக்காரி எழுந்து நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்கு மேலுதடு இப்படியா இருக்கும்?" என்றாள் தங்கையிடம் ரகசியமாக. "இத்தனை வருஷத்துல இப்பத்தான் முழுசாப் பாக்கறேன். நல்லாத்தான் இருக்கு."

சட்டைக்குள் டிக் டிக் என்று பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கண்ணாடிக்காரி சட்டையை உருவி எடுத்துக்கொண்டு ஓடினாள். சகலையின் உடம்பில் ஒரு கீறல் இல்லை; பின்னலின் அச்சு மட்டும் வயிற்றில் கோலம் போட்டிருந்தது. விடுபட்ட பிறகும் அவர் வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் பிடிக்குமோ என்ற பயம் இருந்திருக்கும்.

குழுத் தலைவர் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்லவேளை, நான் போட்டுப் பாக்கல" என்றார் முதலில். பிறகு பேராசிரியையிடம், அறைக்குப் பூட்டுப் போடச் சொல்ல மாட்டேன், ஆனால் சட்டை இதுவரை படித்ததை எல்லாம் மறக்கடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். குண்டு, ஒல்லி, இருமுகிறவர், சிரிக்கிறவர், ஓயாமல் பேசுகிறவர், எல்லாரையும் நிறுத்திக் காட்ட வேண்டும். கொக்கியும் வைக்க வேண்டும். பேராசிரியை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் சிலையாரிடம் வந்தார். சொல்லக் கஷ்டப்பட்டார்.

"உங்க கோடெல்லாத்தையும் எடுத்துடணும்ணே. சட்டைக்கு இனிமே உங்களக் காட்டக்கூடாது. உலகத்துல உங்கள மாதிரி நிக்கிறவங்க யாரும் இல்ல."

சிலையார் தலையாட்டினார். புகழ்ந்து பேசிக்கொண்டே வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. நேராகப் போய்ச் சகலை உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் நின்றார். கவரை எடுக்கக் கையை நீட்டினார். சகலை அதற்கு முன்னால் கவரைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சகல," என்றார், குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "உன்ன என் வாசல்ல நிறுத்தினா நான் தினமும் உன்னத் தாண்டித்தான் உள்ள போகணும். உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு வாய் தானா மூடிக்குது. அப்புறம் நான் யாவாரம் பண்ண வேணாமா?"

மனைவி எழுந்து வந்தாள். "அப்ப இதுவும் இல்ல, அதுவும் இல்லையா?"

பேராசிரியை காதில் அது விழுந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே, வளையலை உருட்டிக்கொண்டே, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே பேசினாள்.

"நீங்க கொஞ்சம் அசைவீங்களோ?"

"எங்க வீட்டுல அது ஒண்ணுதாம்மா தாராளமா இருக்கு. என் தம்பி தூங்கும்போதே நடப்பான். சித்தி இருமினா அடுத்த தெருவுல கதவத் தொறப்பாங்க. எத்தனை பேர் வேணும்?"

அப்படித்தான் மனைவியின் குடும்பம் முழுக்க லேபுக்கு வந்து சேர்ந்தது. இருமுகிற சித்தி, நடக்கிற தம்பி, எல்லாவற்றுக்கும் சிரிக்கிற அண்ணி, அவளைப் பார்த்துச் சிரிக்கிற அண்ணியின் மகள். அக்காக்காரியும் வந்தாள்; துணியைப் பிரித்துப் பார்த்து, வேறு நிறத்தில் இல்லையா என்று கேட்டாள். சகலை மட்டும் வரவில்லை. அந்தப் பச்சை உடுப்பு இப்போது குடோனில் தூசி தட்டப் பயன்படுகிறது என்று கேள்வி.

சிலையாருக்கும் ஒரு வேலை மிச்சமிருந்தது. தராசைச் சரிபார்க்க ஒரு கல் வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நிற்கும்போது கோடு ஆடாமல் இருந்தால் சென்சார்கள் சரி. ஆடினால் ஏதோ ஒரு சென்சார் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும். சட்டைக்குப் பாடம் சொல்ல லாயக்கில்லாதவர் சட்டையைப் பரீட்சை செய்ய லாயக்கானார். வேலை நிரந்தரமா என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் மனைவி சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிலையார் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கோடு நேராக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று ஒரு மேடு. மறுபடியும் நேர், மறுபடியும் ஒரு மேடு.

"மார்பு சென்சார் போச்சு" என்று கண்ணாடிக்காரி அதைக் கழற்றிப் பழுதுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினாள். கொஞ்ச நேரம் நேராக ஓடியது. பிறகு மேடு.

மனைவி காலாட்டுவதை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். முகம் கடை வாசலில் நின்ற அதே முகம். ஒரு சுருக்கம் கூட இல்லை. எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள், காலரே இல்லாத சட்டையில் காலர் இருக்க வேண்டிய இடத்தைச் சரிசெய்தாள்.

"எங்க அத்தானை நினைச்சுத்தானே உள்ள சிரிக்கிறீங்க?"

திரையில் பெரிய மேடு ஒன்று விழுந்தது.

"செருப்பு வரைக்கும் அனுப்பு" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கோடு திரையின் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கியது. முகம் அசையவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள், தோள் குலுங்கியது.

"இதுவும் போச்சு" என்ற கண்ணாடிக்காரி, நன்றாக இருந்த அந்த சென்சாரையும் பழுதுப் பெட்டியில் போட்டாள்.